சாரல் காலத்து அரிவாள்மணை

ஆச்சி அரிவாள்மணையைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். அடுக்களையில் அம்மா வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருப்பாள். பட்டாசல் தூணில் சாய்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளியபடி இருக்கும் ஆச்சி, அங்கிருந்தே, "ஏளா, அது அறுக்கல, கிழிக்கி. நிப்பாட்டு" என்பாள். அம்மா நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்ப்பாள். வில்லை ஒவ்வொன்றின் ஓரமும் பிசிராகப் பிய்ந்திருக்கும். கூருள்ள வாயில் தண்டை வைத்துத் தள்ளினால் 'சருக் சருக்' என்று ஈரமாக ஒரு சத்தம் வரும். கூர் போய்விட்டால் அதே தண்டு 'கர்ர்' என்று இழுக்கும். அந்த வித்தியாசம் என் காதில் ஏற நாலைந்து வருஷம் ஆனது.

தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு குறுகலான தெருவில் எங்கள் வீடு. தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு போகும். புறவாசல் கதவைத் திறந்தால் மேற்கே மலை. ஆனி பிறந்ததும் மேகாற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, மலை உச்சியில் தங்கிய மேகத்தைப் பிய்த்துப் பிய்த்து எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து போடும். மதுரைக்காரர்களும் விருதுநகர்க்காரர்களும் வெயிலில் வெந்துகொண்டிருக்கிற மாதங்கள் அவை. எங்களுக்கோ குடை பிடித்தாலும் நனைக்கிற பொடித்தூறல். குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். வெளியூர்க்காரர்களுக்குச் சீசன் என்றால் அருவிக் குளியல். ஆச்சிக்குச் சீசன் என்றால் துரு.

துணி காயாது. உப்புச் சாடியில் தண்ணீர் விடும். தீக்குச்சி நாலு உரசினால் ஒன்று பிடிக்கும். இதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அரிவாள்மணையை ராத்திரி ஈரத்தோடு வைத்துவிட்டால் விடியும்போது வாய் நெடுகச் செம்மண் பூசினாற்போல இருக்கும். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. சாம்பல் போட்டுத் தேய்த்தால் போய்விடுமே என்று அம்மா ஒருமுறை சொன்னாள். "தேச்சா துரு மட்டுமா போவும்? அது தின்ன இரும்பும்லா போவும்" என்றாள் ஆச்சி. பின்னாளில் யோசித்துப் பார்த்தால், அது எவ்வளவு சரியான பேச்சு! வாயின் ஓரம்தான் இரும்பின் மிக மெல்லிய இடம். துரு முதலில் தின்பது அதைத்தான். காய் நறுக்காமலே, ஒரு ராத்திரி ஈரத்தில், கூர் போய்விடும்.

அதனால் சீசன் மாதங்களில் கடைசிக் காய் நறுக்கி முடித்ததும் ஒரு வேலை இருந்தது. எட்டு வயதில் அது என் கைக்கு வந்தது. கழுவ வேண்டும். பழைய வேட்டித் துண்டால் துடைக்க வேண்டும். தணிந்த அடுப்பின் பக்கத்தில் கொஞ்சநேரம் சாய்த்து வைத்து, கண்ணுக்குத் தெரியாத ஈரமும் போகவிட வேண்டும். பிறகு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெயைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டு, முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக வழித்துவிட வேண்டும். வாயை ஒட்டி நீளவாக்கில் விரலை ஓட்டினால் கை போய்விடும். கடைசியில் சுவர் ஓரமாக, வாய் சுவரைப் பார்க்கப் படுக்கவைக்க வேண்டும். அரிவாள்மணையை நிற்கவைத்துவிட்டு எழுந்துபோன குற்றத்துக்கு எங்கள் வீட்டில் மன்னிப்பே கிடையாது. கைக்குக் கை கத்தி கொடுப்பதும் கூடாது. தரையில் வைக்க வேண்டும். மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் சண்டை வரும் என்று காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு: கொடுக்கிறவர் எப்போது விட்டார், வாங்குகிறவர் எப்போது பிடித்தார் என்ற அந்த ஒரு நொடிக் குழப்பத்தில்தான் விரல் அறுபடும்.

அந்த அரிவாள்மணை ஆச்சியோடு சீராக வந்தது. மணை பலாமரம், உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்து, எண்ணெய் போட்டதுபோல வழவழப்பாகிவிட்டிருந்தது. சாரல் காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, இரும்பின் காலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பங்குனி வெயிலில் சுருங்கி விட்டுக்கொடுக்கும். அப்போது வாய் லேசாக ஆடும். ஆச்சி தென்னங்குச்சியைச் சீவித் துணி சுற்றி இடுக்கில் அடித்து இறுக்குவாள். நுனியில் தேங்காய் துருவுகிற பல் வட்டமாக விரிந்திருக்கும். காலோடு சேரும் இடத்தில், முதுகுக்குக் கொஞ்சம் கீழே, விரலை வைத்துத் தடவினால் மிகப் பொடியான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தட்டுப்படும். சின்னப் பிள்ளையில் அதை ஏதோ சித்திர வேலை என்று நினைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தடவியிருக்கிறேன். அது என்ன என்று எனக்குச் சொன்னவர் சாணைக்காரர்.

அவர் வருவதற்கு முன்னால் வீட்டுச் சாணையைச் சொல்ல வேண்டும். சாணைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறைதான்; மற்ற நாளெல்லாம் தீட்டுவது ஆச்சியின் கைதான். அடுக்களைக் கத்தி ஒன்று இருந்தது. அதைத் தீட்ட அவள் ஊறுகாய்ப் பரணியைக் கவிழ்த்து வைப்பாள். பீங்கான் பரணியின் உடம்பெல்லாம் மினுமினுப்பு. அடியில் மட்டும் தரையில் உட்காருகிற வளையம் மெருகில்லாமல் சொரசொரவென்று இருக்கும். அந்த வளையத்தில் கத்தியை வைத்து, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. சுட்ட மண்ணுக்கு இரும்பைத் தேய்க்கிற கடினம் உண்டு. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிற அடுக்களையிலும் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து இதைச் செய்யலாம்.

அரிவாள்மணைக்கு அது சரிப்படாது. அதற்கென்று ஒரு கல். யானைப்பாலத்துக்குக் கீழே சித்தாற்றில் குளிக்கப் போன ஒரு நாளில் ஆச்சி பொறுக்கி வந்தது; உள்ளங்கை அகலம், கரும்பச்சை நிறம், ஈரமானால் அதில் சின்னச் சின்னச் செம்புள்ளிகள் தெரியும். சித்தாறு குற்றால மலையில் பிறந்து, தென்காசியைத் தொட்டுக்கொண்டு போய், சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிற ஆறு. மலையிலிருந்து உருண்டு வரும் கல்லில் மெதுவானதெல்லாம் வழியிலேயே கரைந்துபோகும். தாக்குப்பிடித்து வந்துசேர்வது கடினமானதுதான். எங்கள் பக்கத்துப் பாறைகளில் கார்னெட் மணிகள் உண்டு. தெற்கே கடற்கரை மணலைச் சிவப்பாக்குவதும் அதே மணிகள்தான். அவற்றை உப்புத்தாளில் ஒட்டி மரத்தைத் தேய்க்கிறார்கள். ஆச்சிக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. நாலைந்து கல்லை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் சேலை முந்தியில் முடிந்துகொண்டு வந்தாள்.

தீட்டுவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அரிவாள்மணையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மணையை வலது காலால் மிதித்துக்கொண்டு, கல்லைத் தண்ணீரில் முக்கி, வாயின் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஒரே இழுப்பாக ஓட்டுவாள். கல் முழுக்கப் படிந்தால் இரும்பின் கன்னம்தான் தேயும், வாய் அப்படியே இருக்கும். ரொம்பத் தூக்கினால் வாய் மடங்கி மொன்னையாகும். "கல்லு வாய்கிட்டதான் பேசணும், முதுகுகிட்டப் பேசக் கூடாது" என்பாள். எவ்வளவு தூக்க வேண்டும் என்று கேட்டேன். என் சுண்டுவிரல் நுனியைக் கல்லுக்கும் இரும்பின் முதுகுக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்து, "அவ்வளவுதான்" என்றாள். பத்து இழுப்பு இழுத்ததும் மறுபக்கம் பெருவிரலைக் குறுக்காக வைத்துப் பார்க்கச் சொல்வாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு முடி அளவு இரும்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும். விரல் ரேகையில் 'சுர்ர்' என்று உரசும். அதற்குப் பெயர் பிசிறு. பிசிறு வந்துவிட்டால் இந்தப் பக்கம் வேலை முடிந்தது என்று பொருள். திருப்பிப்போட்டு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக நாலு இழுப்பு. பிசிறு இந்தப் பக்கம் சாயும். பிறகு மாற்றி மாற்றி ஒவ்வொன்று, கல்லின் கனம் மட்டும் படுகிற மாதிரி. பிசிறு உதிர்ந்துபோனால் மிஞ்சுவதுதான் கூர். பல பேர் பிசிறையே கூர் என்று நினைத்து அதோடு நிறுத்திவிடுகிறார்கள். முதல் தக்காளி நன்றாக அறுபடும். பத்தாவது தக்காளி நசுங்கும்.

எனக்கு விரல் அறுபட்டது ஒரே ஒரு தடவைதான், அதுவும் மழுங்கிய கத்தியில். ஒரு பரீட்சை விடுமுறையில் நாலைந்து வாரம் யாரும் தீட்டாமல் விட்ட கத்தியால் சேனைக்கிழங்கை அழுத்தினேன். அது போகவில்லை, இன்னும் அழுத்தினேன், திடீரென்று வழுக்கி இடது கைக் கட்டைவிரலில் இறங்கியது. அம்மா புறவாசலில் மூக்குத்திப்பூச் செடியின் இலையைப் பறித்துக் கசக்கிச் சாறு விட்டாள். ஆச்சி என்னைத் திட்டவில்லை. கத்தியை எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைத்தான் திட்டினாள்: "பிள்ளை கையில மொன்னைக் கத்தியக் குடுத்திருக்கியே!" கூர்மையான கத்தியைக் குழந்தையிடமிருந்து ஒளித்துவைக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மழுங்கியதை ஒளித்துவைத்தது எங்கள் ஆச்சிதான்.

சாணைக்காரர் ஆடி மாதத்தில் வருவார். சீசன் தொடங்கினதும் நேராகக் குற்றாலத்துக்குத்தான் போவார். பேரருவிப் பக்கத்துக் கடைத்தெருவில் பழக்கடைகளும் ஓட்டல்களும் வரிசையாகத் திறக்கும். பத்து மாதம் பெட்டியில் கிடந்த கத்திகளெல்லாம் சாணைக்குக் காத்திருக்கும். அந்த வேலை முடிந்து, ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்று முடித்து, பிறகு தென்காசித் தெருக்களுக்கு இறங்குவார். தோளில் ஒரு மரச்சட்டம். அதில் பெரிய சக்கரம், கீழே மிதி, மேலே சின்னதாகச் சாணைக்கல், இரண்டையும் இணைக்கும் தோல்வார். "சாணை... அருவாமணை, கத்தி, கத்திரி சாணை பிடிக்கிறதே..." என்ற குரல் தெருமுனையில் கேட்டதும் நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு நடைக்கு ஓடுவேன். "படுக்கப் போட்டுத் தூக்கு!" என்று ஆச்சி பின்னாலேயே சத்தம்போடுவாள்.

அவர் உடனே கல்லில் வைக்க மாட்டார். முதலில் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். கூராக இருக்கும் இடம் வெளிச்சத்தைத் திருப்பித் தராது; கறுப்புக் கோடாக இருக்கும். மழுங்கிய இடம் மின்னும். அங்கே மட்டும் நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். பிறகு மிதிப்பார். சக்கரம் சுழலச் சுழல, கல் ஒரு வண்டு மாதிரி முனகத் தொடங்கும். இரும்பு தொட்டதும் பொறி. தெருப்பிள்ளைகள் எல்லாம் வாய் பிளந்து நிற்போம்.

ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக் கத்தியும் எங்கள் அரிவாள்மணையும் அடுத்தடுத்துக் கல்லுக்கு வந்தன. அந்தக் கத்தியின் பொறி மஞ்சளாக, நீளமாக, ஈர்க்குச்சி மாதிரி நேராகப் போய் அணைந்தது. எங்கள் அரிவாள்மணையின் பொறி கொஞ்ச தூரம் போய், முனையில் வெடித்து, மத்தாப்பு மாதிரிக் கிளை கிளையாகப் பிரிந்தது. "பாத்தியா தாயி, இது பூப் பூக்குது" என்றார் அவர். "இது அரத்து இரும்பு. பழைய அரத்தக் காய்ச்சி அடிச்சிருக்காரு ஆசாரி." காலோரத்தில் நான் தடவித் தடவிப் பார்த்த கோடுகளைக் காட்டி, "அரத்தோட பல்லு. இந்த இடத்துல சுத்தி சரியா விழல, அதான் அழியாம நிக்குது" என்றார். நான் சித்திரம் என்று நினைத்தது ஒரு அரத்தின் பல்.

பூ ஏன் பூக்கிறது என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அரம் செய்கிற எஃகில் நூற்றுக்கு ஒரு பங்கும் அதற்கு மேலும் கரி சேர்ந்திருக்கும். மெதுவான இரும்பில் கால் பங்குகூட இராது. கல் சீவி எறியும் துகள் காற்றில் எரியும்போது உள்ளே இருக்கும் கரியும் எரிந்து, துகளை வெடிக்கச் செய்கிறது. கரி கூடக் கூடப் பூ கூடும். பட்டறையில் இரும்பின் தரம் பார்க்க இன்றைக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

நாலு சுற்றுக்கு ஒருமுறை வாயைத் தகரக் குவளைத் தண்ணீரில் முக்குவார். "சூடு ஏறி நீலம் பாஞ்சிட்டா பதம் போயிரும், அப்புறம் எத்தன தடவ தீட்டினாலும் நிக்காது." எஃகு முந்நூறு டிகிரியை ஒட்டும்போது அந்த நீலம் வரும், கொல்லாசாரி உலையில் ஏற்றிய பதம் அதோடு இளகிவிடும். இப்போது தெருவுக்கு வரும் மோட்டார்ச் சாணையில் பாதிப் பேர் தண்ணீர் தொடுவதில்லை. வாயோரம் நீலம் பூத்த கத்தியைக் கண்டால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்தக் கல்லை அவர் 'கார்பரண்டம் கல்லு' என்பார். கார்போரண்டம் என்பது 1890-களில் அமெரிக்காவில் எட்வர்டு அச்சஸன் உலையில் உண்டாக்கிய பொருளுக்கு அவரே வைத்த பெயர். கார்பனோடு கொரண்டம் என்ற சொல்லைச் சேர்த்துச் செய்தது. அந்தக் கொரண்டம் எது? நம்முடைய குருந்தம். வைரத்துக்கு அடுத்தபடி கடினமான கல். குருந்தப் பொடியை உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்துத்தான் நம் பக்கத்தில் சாணை செய்தார்கள். கடல் கடந்து போய், வேறொரு பொருளின் பெயருக்குள் ஒளிந்துகொண்டு, எங்கள் தெருவுக்கே ஒரு தமிழ்ச் சொல் திரும்பி வந்திருந்தது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. இரும்பின் பழமையும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. சிவகளையில் தோண்டியெடுத்த இரும்பு கிமு நான்காம் ஆயிரத்தாண்டுக் காலத்தது என்று 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை அறிவித்த அன்று, எனக்கு முதலில் தோன்றியது ஆச்சியின் முகம். சித்தாற்றுத் தண்ணீர் தாமிரபரணியில் கலந்து அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது.

1990 ஜூன் மாதம் காசி விசுவநாதர் கோயில் கோபுரத்துக்குக் கும்பாபிஷேகம். இடிந்து நின்ற கோபுரத்தை மறுபடி எழுப்பி, ஒன்பது நிலையும் முடிந்து, ஊரே புதுசாகிப்போயிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் மட்டும் நாற்பது பேர் வந்து இறங்கியிருந்தார்கள். சுரண்டை, ஆலங்குளம், கடையம், அந்தப் பக்கம் புனலூரிலிருந்துகூட. முந்தின நாள் ராத்திரி காய்வெட்டு. கல்யாண வீட்டில் நடப்பதுபோலவே தெருப் பெண்களெல்லாம் வந்தார்கள், ஒவ்வொருவரும் தன் அரிவாள்மணையோடு. மணையின் அடியில் பேர் வெட்டியிருக்கும், பித்தளைப் பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரி. இருந்தாலும் யாரும் அதைப் பார்த்து எடுப்பதில்லை. உட்கார்ந்து பார்த்தாலே தன்னுடையதா என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

பட்டாசலில் ஓலைப்பாய் விரித்து இரண்டு வரிசை. அவியலுக்கு முருங்கைக்காய், வாழைக்காய், சேனை, தடியங்காய், சீனியவரைக்காய் எல்லாம் ஒரே நீளத்துக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று வெந்து குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். தடியங்காயில் முதல் வெட்டு மட்டும் ஆண்கள் போட வேண்டும் என்பது வழக்கம். என் பெரியப்பாவைத் தார்சாவிலிருந்து கூட்டிவந்து அதைச் செய்யவைத்து, உடனே அனுப்பிவிட்டார்கள். வாழைக்காயின் கறை வாயில் பட்டுக் கறுப்பாகும். அந்தக் கறுப்பு காயிலும் ஏறும். அதனால் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் அரிசி கழுவின தண்ணீர் ஒரு சட்டி. வெளியே சாரல் ஓட்டின் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. உள்ளே பதினைந்து அரிவாள்மணைச் சத்தம். ஆச்சி காய் நறுக்கவில்லை. மடியில் சித்தாற்றுக் கல்லை வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கையை நீட்டி, "அந்த மூலையில ரெண்டாவது ஆளு, நீ கொண்டா" என்பாள். அவர்கள் தருவார்கள். ஐந்தாறு இழுப்பு, திருப்பி நாலு இழுப்பு, கொடுத்துவிடுவாள். அந்த ராத்திரி அவள் தீட்டாத அரிவாள்மணை அந்தப் பட்டாசலில் ஒன்றுகூட இல்லை. விடிவதற்குள் மலையாகக் குவிந்த காயை அண்டாக்களில் அள்ளினார்கள். நான் பாயின் ஓரத்தில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்கிப்போயிருந்தேன்.

குற்றாலத்துக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் அருவியைப் பார்ப்பார்கள். நான் பழக்கடைகளைப் பார்ப்பேன். மங்குஸ்தானைக் கத்தி சுற்றி வருகிற விதம், தோலில் மட்டும் ஓடும், உள்ளே இருக்கும் வெள்ளைச் சுளையில் ஒரு கீறல் விழாது. பலா அறுக்கிறவர் கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் தொடங்குவார். இல்லாவிட்டால் பால் பிசின் இரும்பில் ஒட்டி, கத்தி நகராது. குற்றாலநாதர் கோயிலுக்குத் தலமரமே குறும்பலா. அந்த மரத்துக்கென்று ஞானசம்பந்தர் தனியாகப் பதிகம் பாடியிருக்கிறார். ஆச்சி கோயிலில் கும்பிட்டு வெளியே வந்ததும் பலாச்சுளை வாங்குவாள். பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரின் கத்தியை ஒரு பார்வை பார்ப்பாள். எண்ணெய் மினுங்கினால்தான் வாங்குவாள்.

அவள் தனக்கு மேலே வைத்து மதித்தது ஒரே ஒரு கூரைத்தான்: பனையேறியின் பாளை அரிவாள். சுரண்டைப் பக்கம் அவள் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் பதநீர்க் காலத்தில் மரம் ஏறுகிறவர், கீழே உட்கார்ந்து ஒரு மரப்பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி அதைத் தீட்டுவார். பாளையைக் காகிதம் போலச் சீவ வேண்டும். ஒரு நூல் கனம் கூடினாலும் பாளை வீணாகும். சரியாகச் சீவாவிட்டால் பதநீர் சுரக்காது. ஐம்பது அடி உயரத்தில், ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது. "நம்ம கூரெல்லாம் தரையில ஒக்காந்து பாக்குற கூரு" என்பாள் ஆச்சி.

வருஷத்தில் ஒரு நாள் அரிவாள்மணைக்கு விடுப்பு. ஆயுதபூஜைக்கு முந்தின நாளே புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, தீட்டி, எண்ணெய் துடைத்து, கத்தி, வெட்டரிவாள், பாக்குவெட்டி, அப்பாவின் பேனா, என் புத்தகங்கள் எல்லாவற்றோடும் மணையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். பூஜை முடிந்தால் மறுநாள் மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ராத்திரிக்குக் கையால் கிள்ளிய கீரை, இல்லாவிட்டால் அப்பளமும் துவையலும். ஆச்சி அன்று முழுக்க ஒரு நிம்மதி இல்லாமல் இருப்பாள். சும்மா கிடக்கும் அரிவாள்மணையின் பக்கமாகவே நடந்து போய்ப் போய் வருவாள்.

வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் எவர்சில்வர் கத்திகள் ஒரு பெட்டி கொண்டுவந்தார். துரு பிடிக்காது, வாழைக்காய்க் கறை ஏறாது, எலுமிச்சம்பழம் அறுத்துக் கழுவாமல் வைத்தாலும் அப்படியே மினுங்கும். அம்மாவுக்கு எவ்வளவு வேலை மிச்சம்! அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சீசன் ராத்திரிகளில் உடம்பு ஓய்ந்த பிறகும் அம்மா துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான். ஆனால் மூன்று மாதத்தில் அவை மழுங்கின. ஆச்சி தன் கல்லில் வைத்துப் பார்த்தாள். கல் அவற்றின் மேல் வழுக்கியது. பிசிறு எழும்பியது, உதிரவே இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை மூடி மச்சுக்கு ஏற்றிவிட்டாள். இன்றைக்கு நல்ல எவர்சில்வர் கத்திகள் கிடைக்கின்றன. அவற்றுக்கேற்ற கல்லும் கிடைக்கிறது. என் வீட்டிலேயே இரண்டு இருக்கின்றன. சாரல் நாளில் மனசு தேடுவது என்னவோ அந்த அரத்து இரும்பைத்தான்.

சீராக வந்தபோது நாலு விரல் அகலம் இருந்ததாம் அந்த வாய். என் கல்யாணத்தின்போது அளந்தேன், இரண்டரை விரல். அத்தனை வருஷத்துக் காயும் அவியலும் கூட்டாஞ்சோறும் அந்த ஒன்றரை விரலில் இருந்தன. சித்தாற்றுக் கல்லும் நடுவில் குழிந்து தோணி மாதிரி ஆகியிருந்தது. இரும்பின் வளைவும் கல்லின் குழிவும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தாற்போல் பொருந்தின.

ஆச்சிக்குக் கடைசி நாலு வருஷம் கண் தெரியவில்லை. பட்டாசலில் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். ஒரு ஆடி மாதம் நான் குழந்தையோடு போயிருந்தேன். காற்று கோபுரவாசலில் அலறுகிற சத்தம் வீடுவரைக்கும் கேட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி. அரிவாள்மணை பல நாளாகக் கல்லைப் பார்க்கவில்லை. நான் அதைப் படுக்கவைத்து, மணையை மிதித்துக்கொண்டு, கல்லை நனைத்துத் தீட்டினேன். பத்து இழுப்பு, பிசிறு, திருப்பி நாலு, பிறகு ஒவ்வொன்றாக. துடைத்து நிமிர்த்தி வைத்து, வாழைத்தண்டை எடுத்து நறுக்கத் தொடங்கினேன். மூன்று வில்லை விழுந்திருக்கும்.

"யாரு தீட்டினது?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"நான்தான் ஆச்சி."

"இன்னும் ரெண்டு இழுப்பு இழுட்டி."

"எந்த இடத்துல ஆச்சி?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. நான் இன்னொரு வில்லை நறுக்கினேன்.

"நடுவுல. அடியிலயும் நுனியிலயும் சரியாத்தான் இருக்கு. நடுவுலதான் முனங்குது."

தண்டைக் கீழே வைத்துவிட்டு வாயின் நடுவில் பெருவிரலைக் குறுக்காக வைத்துப் பார்த்தேன். ஒரு நக நீளத்துக்குப் பிசிறு இருந்தது.